கூத்துத் துண்டுப்பிரசுரம் போலவே தளத்தையும் மாற்ற வேண்டும்: நிறமும் எழுத்தும் ஒத்துவரவில்லை, உதவுங்கள்

வாவிக்கரை (மட்டக்களப்பு):

வணக்கம். எங்கள் ஊர்க் கூத்து மன்றத்தின் இணையத்தளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். வேர்ட்பிரஸ்ஸில் இலவச வார்ப்புரு ஒன்றை வைத்துச் செய்தது. நீலமும் வெள்ளையுமாக, வங்கியின் தளம் போல இருக்கும்.

இந்த முறை வடமோடி (கூத்தின் இரண்டு பாணிகளில் ஒன்று) அரங்கேற்றத்துக்கு மூன்று மடிப்புத் துண்டுப்பிரசுரமும் ஏ3 போஸ்டரும் அடித்தோம். அரக்குச் சிவப்புப் பின்னணி, மஞ்சளில் தலைப்பு, நடுவில் கூத்தாடும் வட்டக் களரி, அதற்குள் கரப்புடுப்பு என்ற வேட உடுப்போடு ஓர் அரசன். ஊருக்கே பிடித்துப்போனது. "தளமும் இப்பிடித்தான் இருக்கோணும்" என்று கூத்துப் பழக்கும் அண்ணாவியார் சொல்லிவிட்டார். எனக்கும் அதே ஆசைதான். வெளிநாட்டில் பிறந்த எங்கள் பிள்ளைகள் கூத்தைத் தேடி முதலில் வருவது அங்கேதானே.

ஆனால் சிவப்பு, போனில் கண்ணைக் குத்துகிறது. தாளில் இருக்கும் அமைதி இல்லை. அச்சகத்துக் கோப்பிலிருந்து தமிழை எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக விழுகிறது. அதனால் இப்போதைக்குப் பிரசுரத்தின் பக்கங்களையே படமாகப் போட்டிருக்கிறேன். பக்கம் திறக்க வெகுநேரம் எடுக்கிறது, போனில் எழுத்து எறும்பளவு. களரிப் படமும் இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டு நிற்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

அச்சுமை (கல்முனை):

தம்பி, தாள் மினுக்கமானதா, சாதாரணமா? அந்தச் சிவப்புக்கு அச்சகம் என்ன அளவு கொடுத்திருக்கிறது?

வாவிக்கரை:

மினுக்கம் இல்லாத தாள் அண்ணா. கோப்பில் சியான் 0, மஜெந்தா 90, மஞ்சள் 80, கறுப்பு 45 என்று இருக்கிறது. ஒன்லைன் மாற்றியில் போட்டேன், 140, 14, 28 என்று ஆர்ஜிபி எண் (திரைக்கான சிவப்பு, பச்சை, நீல அளவு) வந்தது. அதைத்தான் தளத்தில் கொடுத்திருக்கிறேன்.

அச்சுமை:

சரி, குத்துவது அந்த எண்தான். அப்படிப்பட்ட மாற்றிகள் 255ஐ எடுத்து மையின் வீதத்தைக் கழிப்பதோடு நின்றுவிடும். தாள் என்று ஒன்று இருப்பதே அந்தக் கணக்கில் இல்லை. பூச்சில்லாத தாள் மையை உறிஞ்சுவதால் சிவப்பு மங்கிக் கொஞ்சம் மண்ணிறம் கலந்து தெரியும். உங்களுக்குப் பிடித்த அமைதி அதுதான். தாள் வெளிச்சத்தை வாங்கித் திருப்பித் தருகிறது, திரை தானே வெளிச்சம் விடுகிறது. இரண்டும் நூற்றுக்கு நூறு ஒத்துவராது.

போட்டோஷொப் அல்லது கிரிட்டாவில், தாளுக்குரிய ஐசிசி விவரக்கோப்பை (அந்தத் தாளில் மை எப்படித் தெரியும் என்று சொல்லும் கோப்பு) தெரிவுசெய்து மாற்றுங்கள். பூச்சில்லாத தாள் என்றால் போக்ரா 47 அல்லது 52, மினுக்கத் தாள் என்றால் போக்ரா 39. வரும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். பகல் வெளிச்சத்தில், டியூப் லைட்டில் அல்ல, பிரசுரத்தைப் போனுக்குப் பக்கத்தில் பிடித்துக் கண்ணால் சரிபாருங்கள். விலை குறைந்த போன் ஒன்றிலும் பாருங்கள், ஊரில் கனபேரின் கையில் இருப்பது அதுதான்.

பிரசுரத்தைப் போனால் படம் எடுத்து அதிலிருந்து நிறத்தைத் தொட்டு எடுக்காதீர்கள். கமரா தன்பாட்டில் வெண்மையை மாற்றிவிடும். படங்களையும் ஆர்ஜிபிக்கு மாற்றிய பிறகே ஏற்றுங்கள். சிஎம்வைகே (அச்சு மை நிறமுறை) ஜேபெக்கை ஒவ்வோர் உலாவியும் ஒவ்வொரு விதமாகக் காட்டும்.

தறிநிழல் (மருதமுனை):

எழுத்துப் பிரச்சினைக்கு நான் வருகிறேன். எங்கள் பக்கத்து அச்சகங்களில் இன்னும் கனபேர் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கிறார்கள். பாமினியில் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருப்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில். எழுத்துருவை எடுத்துவிட்டால் அடியில் கிடக்கும் ஆங்கிலம் வெளியே வரும். பாமினியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றும் இலவசக் கருவிகள் நிறைய இருக்கின்றன. பந்தி பந்தியாக மாற்றுங்கள், மாற்றியதும் கட்டாயம் வாசியுங்கள். கமா இருக்க வேண்டிய இடத்தில் 'இ' ஒட்டிக்கொண்டு வருவதை நம் செய்தித்தளங்களில் பார்த்திருப்பீர்கள், அது இந்த மாற்றத்தின் மிச்சம். மின்னஞ்சல் முகவரியையும் ஆங்கிலச் சொற்களையும் முதலே தனியாக எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் அவையும் தமிழ் எழுத்துக் குப்பையாகிவிடும்.

தயவுசெய்து எழுத்தைப் படமாக விடாதீர்கள். படத்துக்குள் இருக்கும் தமிழைத் தேடுபொறி சரிவரப் பிடிப்பதில்லை. பார்வைக் குறைபாடு உள்ளவரின் திரைவாசிப்பான் அதைத் தாண்டிப் போய்விடும். உங்கள் மன்றத்தின் கூத்துகளைத் தேடும் பிள்ளைக்கு நீங்கள் அகப்படவே மாட்டீர்கள்.

பந்திகளுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் அல்லது முக்தா மலர் போதும், இரண்டும் இலவசம். வரி இடைவெளி எழுத்தளவின் 1.7 மடங்கு அளவில் இருக்கட்டும். நம் கொம்பும் சுழியும் மேலும் கீழும் ஓடுபவை, நெருக்கினால் முட்டும். அப்புறம் அந்த மஞ்சள். அரக்கின் மேல் அது நன்றாக நிற்கும். வெள்ளைப் பின்னணியில் அதே மஞ்சளில் இணைப்புகள் கொடுத்திருப்பதை இப்போது உங்கள் தளத்தில் பார்த்தேன். சாதாரண எழுத்துக்குப் பின்னணியோடு குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்பது நியமம். அது 2கூட வராது. வெள்ளையில் அரக்கை எழுத்தாக்குங்கள், மஞ்சளைத் தலைப்புப் பட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சல்லரி (வந்தாறுமூலை):

தம்பி, எனக்குக் கணினி வேலை தெரியாது, கூத்து தெரியும். அதனால் ஒன்று சொல்கிறேன். வடமோடி அரசனின் படத்தை மற்றப் பாணியான தென்மோடியின் பக்கத்துத் தலையிலும் போட்டிருக்கிறீர்கள். எல்லாப் பக்கமும் பிரசுரம் போல இருக்கட்டும் என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் கரப்புடுப்பு வடமோடியின் பாரமான உடுப்பு. தென்மோடி உடுப்பு அத்தனை பாரமில்லை, தாளமும் ஆட்டமும் வேறு. தூரத்தில் இருக்கும் பிள்ளை இதைப் பார்த்து இரண்டும் ஒன்றென்று நினைத்துக்கொள்ளும். நிறமும் எழுத்தும் எல்லாப் பக்கத்திலும் ஒன்றாக இருக்கலாம், படம் அந்தந்த மோடிக்கு உரியதாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, பிரசுரம் ஒரு இரவுக்கானது. தளம் வருடக்கணக்காக நிற்பது. பிரசுரத்தின் உள்மடிப்பில் அரங்கேற்றத்தை மட்டும் சொல்லியிருக்கிறீர்கள், அதற்கு அது போதும். தளத்தில் சட்டங்கொடுத்தலில் (ஆடுவோருக்குப் பாத்திரமும் பாட்டும் கொடுப்பது) தொடங்கி, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் (முழு ஒத்திகை), பிறகு அரங்கேற்றம் என்று கூத்துப் பழகுகிற வரிசையிலேயே பக்கங்களை வையுங்கள். பழகும் மாதங்களில் எடுத்த படங்கள் உங்களிடம் கட்டாயம் இருக்கும்.

வட்டக் களரியை வெட்டுப்பட விடவே கூடாது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கூத்தை முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார், அது பெரிய வேலை. ஆனால் அதற்குப் பிறகு கூத்தை முன்னால் இருந்து பார்க்கும் ஒன்றாகவே பலர் அறிந்திருக்கிறார்கள். ஊர்க் களரியில் சனம் சுற்றிவர இருந்துதான் பார்க்கும். உங்கள் பிரசுரம் அதைக் காட்டுகிறது. பாதி வட்டம் மேடை போலத்தான் தெரியும்.

வாவிக்கரை:

அக்கா, தென்மோடிப் பக்கத்துப் படத்தை இன்றே எடுத்துவிட்டேன். மிக்க நன்றி. தறிநிழல் நானா, வட்டம் வெட்டுப்படாமல் இருக்க என்ன செய்யலாம்?

தறிநிழல்:

படத்தைப் பின்னணியாகப் போட்டு இடத்தை நிரப்பச் சொல்லியிருக்கிறீர்கள், அதனால்தான் ஓரம் வெட்டுப்படுகிறது. அகன்ற திரைக்கு ஒரு படம், போனுக்கு ஒரு படம் என்று இரண்டு கொடுங்கள். போனுக்கு ஏ3 போஸ்டரின் அமைப்பை எடுங்கள், அது நெட்டாக இருப்பதால் அப்படியே பொருந்தும். மூன்று மடிப்பின் விரித்த தாள் எந்தத் திரைக்கும் பொருந்தாது, அதை விட்டுவிடுங்கள்.

வேகத்துக்கும் இதுவே மருந்து. 300 டிபிஐயில் ஏ3 என்றால் 3508க்கு 4961 பிக்சல். அச்சுக்கு அது வேண்டும். போனுக்கு 1080 அகலம் தாராளம். வெப்பி என்ற சிறிய படக்கோப்பு வடிவில் சேமித்து ஏற்றுங்கள். டேட்டா காசு கொடுத்துப் பார்ப்பவர்களை நினையுங்கள்.

வாவிக்கரை:

நேற்றிரவு செய்து பார்த்தேன். போக்ரா 47இல் மாற்றிய சிவப்பு பிரசுரத்துக்கு நன்றாகவே கிட்ட வந்துவிட்டது, அண்ணாவியாரும் போனை வாங்கிப் பார்த்துத் தலையாட்டினார். பக்கம் இப்போது உடனே திறக்கிறது. மிச்சம் இருப்பது தலைப்பெழுத்து மட்டும். பிரசுரத்தில் இருக்கும் அலங்கார எழுத்தும் பாமினி வகைதான், அது இல்லாமல் போஸ்டரின் முகமே வரவில்லை.

தறிநிழல்:

அந்த ஒரு தலைப்பை மட்டும் வளைகோட்டு வடிவாக்கி எஸ்விஜி என்ற கோட்டுப்படக் கோப்பாகச் சேமித்துத் தரும்படி அச்சகத்தில் கேளுங்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. மாற்று உரையில் தலைப்பை யுனிகோடில் முழுதாக எழுதுங்கள். அதற்குமேல் வேறு எழுத்தைப் படமாக்க வேண்டாம்.

அச்சுமை:

கேட்கப் போகும்போது அவர்களின் மூலக்கோப்பையும் கேட்டு வாங்கி வையுங்கள் தம்பி. கோரல்ட்ரோ மென்பொருளில் செய்தது என்றால் அதோடு ஒரு பிடிஎஃப்பும். சில அச்சகங்கள் அடுத்த வருடம் வரை வைத்திருப்பதில்லை. அடுத்த போஸ்டரில் கியூஆர் குறி போடுவதாக இருந்தால், அது அந்த வருட விழாப் பக்கத்துக்கு அல்லாமல் முகப்புப் பக்கத்துக்குப் போகட்டும். பழைய போஸ்டர் கடைச் சுவரில் கனகாலம் இருக்கும்.

வாவிக்கரை:

திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போகிறேன் அண்ணா. எஸ்விஜி கிடைத்ததும் போட்டுவிட்டு இங்கே சொல்கிறேன்.