பிரஷர்தான் இருக்கு, சுகர் இல்லை. டாக்டர் ஏன் சுகரைப் பத்திப் பேசறார்?

கேள்வி:
வயசு 43. திருப்பூரில் பனியன் கம்பெனி டெய்லர். ஒன்றரை ஷிப்ட், காலை எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்தால் ராத்திரி எட்டரைக்குத்தான் எழுந்திருப்பேன். போன வாரம் பிரஷர் 146/92, வெறும் வயிற்றில் சுகர் 112, ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர்) 6.0. "சுகர் இன்னும் வரலை, ஆனா ரத்தக்குழாய் இறுக ஆரம்பிச்சிருக்கு. இப்படியே விட்டா சுகரும் வந்துடும்" என்கிறார் டாக்டர். சுகர் வந்தால் குழாய் கெடும், அது தெரியும். அம்மாவுக்கு வலது கால் கட்டைவிரல் கருத்துப்போய் எடுத்தார்கள். ஆறு மாசம் நான்தான் கட்டு மாற்றினேன். குழாய் கெட்டால் சுகர் வருமா? தலைகீழாக இருக்கே!

பதில் 1:
தம்பி, கால் புண் வார்டில் 19 வருஷமாக நர்ஸாக இருக்கேன். டாக்டர் சொன்னது சரிதான். சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரையில் ஒரு பெரிய பங்கை இழுத்துக்கொள்வது தசை. அங்கே சர்க்கரையும் இன்சுலினும் போய்ச் சேருவது மயிரிழை மாதிரி குழாய்கள் வழியாக. அவற்றுக்கு ரத்தம் விடும் சிறு குழாய்களை இன்சுலினே விரியச் செய்யும். அதற்குக் குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடு சுரக்கணும். (ரத்தக்குழாயில் அந்த வாயு செய்யும் வேலையைக் கண்டுபிடித்ததற்கு 1998இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.) பிரஷர், பீடி சிகரெட், தொப்பை, நாளெல்லாம் உட்கார்ந்தே இருப்பது எல்லாம் அந்த உள்சுவரைச் சோர வைக்கும். மதகு திறந்தும் கடைமடைக்குத் தண்ணி ஏறாத கதைதான். சர்க்கரை ரத்தத்திலேயே தேங்கும். இது ஒன்றே காரணம் இல்லை, அம்மாவுக்கு இருப்பதும் சேரும். பிரஷர் மாத்திரையை விடாதீங்க.

பதில் 2:
எனக்கும் இதே 6.0 தான் இருந்தது. பயப்படாதீங்க, திருப்பலாம். சென்னையில் நடந்த ஆய்வு 2006இல் வந்தது: சுகர் எல்லையில் இருந்தவர்களில் சும்மா விடப்பட்டவர்களுக்கு மூன்று வருஷத்தில் 55 சதவீதம் சுகர் வந்தது; நடை, சாப்பாடு மாற்றியவர்களுக்கு 39 சதவீதம். நான் சாப்பிட்டதும் பதினைந்து நிமிஷம் நடக்கிறேன். நீங்கள் மணிக்கு ஒரு தடவையாவது எழுந்து, குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்க. கெண்டைக்கால் வேலை செய்தாலே ரத்தம் ஓடும்.

பதில் 1:
இன்னொன்று தம்பி, காலுக்கு ரத்தம் ஓடுதான்னு நீங்களே பார்க்கலாம். பாதத்தின் மேல்பக்கம், கட்டைவிரல் எலும்புக்கும் அடுத்த விரல் எலும்புக்கும் நடுவே இரண்டு விரல் வைத்து மெதுவாக அழுத்துங்க. துடிப்பு தெரியும். கிடைக்கலைன்னா பதற வேண்டாம், டாக்டரிடம் காலைக் காட்டுங்க.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி அக்கா. ரெண்டு காலிலும் கிடைத்தது. அம்மாவுக்கு அத்தனை வருஷத்தில் ஒருத்தரும் காலில் விரல் வைத்துப் பார்த்ததில்லை. நாளைக்கு லீவு போட்டு ஊருக்குப் போறேன்; அந்த இன்னொரு காலைப் பார்க்கணும்.