வாட்ஸ்அப் குழுவில் கேலி: பள்ளி கண்டுகொள்ளவில்லை

சாட்ஸ்வொர்த் அம்மா (டர்பன், தென்னாப்பிரிக்கா):
எட்டாம் வகுப்பில் படிக்கும் மகளைப் பற்றிக் குழுவில் அசிங்கமாக எழுதுகிறார்கள். ஒரு எண் யாருடையது என்றே தெரியவில்லை. ஆசிரியை "பிள்ளைகள் சண்டை" என்கிறார். எழுதும் பிள்ளைகளின் பெற்றோர் வீட்டுக்கே போய்க் கேட்கட்டுமா?

லேனேசியா அண்ணன்:
போகாதீங்க அக்கா. பெரியவர்கள் சண்டையாகிவிட்டால் பள்ளி கைகழுவிவிடும். மகளைக் குழுவிலிருந்து விலகச் சொல்லும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்க. சேமித்த பெயர் மட்டும் போதாது. எண்ணும் தேதியும் தெரியணும். பதில் எழுதவே வேண்டாம், அதையும் வெட்டி எடுத்துக் காட்டுவாங்க. பிறகு தலைமையாசிரியருக்குக் கடிதம், இரண்டு பிரதி. ஒன்றில் முத்திரை வாங்கிக்கோங்க. வாய்ப்பேச்சுக்குப் பதிவு கிடையாது. 1996 பள்ளிச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் நடத்தை விதி இருக்கணும். அதைக் கேட்டு வாங்கி, மீறப்பட்ட விதியைக் கடிதத்தில் குறிப்பிடுங்க. ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கும் அதிகாரம் மட்டும் மாகாணக் கல்வித் துறைத் தலைவருக்குத்தான்.

டர்பன் நண்பர்:
முகம் தெரியாத எண்ணுக்கு 2011-இன் 17-ஆம் எண் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் உதவும். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை. எண்ணுக்குரியவர் விவரத்தைத் தரும்படி தொலைபேசி நிறுவனத்துக்கு நீதிமன்றம் உத்தரவிடலாம். பெற்றோர் துணையின்றிப் பிள்ளையே மனு கொடுக்கவும் இடமுண்டு.

மல்லிகை:
நானும் ஒன்று சொல்கிறேன். மகளையும் கேலி செய்தவளையும் எதிரெதிரே உட்காரவைத்து "கை குலுக்குங்க" என்று பள்ளி சொன்னால் மறுத்துவிடுங்க. பலமுள்ளவள் அங்கேயும் மிரட்டுவாள், வெளியே வந்து பழிவாங்குவாள். தனித்தனியே விசாரிக்கச் சொல்லுங்க. மகளின் போனைப் பிடுங்காதீங்க, அடுத்த முறை சொல்லவே மாட்டாள். உங்களிடம் பேசத் தயங்கினால் பிள்ளைகளுக்கான உதவித் தொலைபேசி சைல்ட்லைன் இருக்கு, எண் 116, கட்டணமில்லை.