படக் கார்டு கொடுத்தா பையன் பேசவே மாட்டானா?

நத்தம் கவி:
பையனுக்கு மூணரை வயசு. "ம்மா" தவிர வார்த்தை இல்ல. காதுக்கு பேரா (BERA) டெஸ்ட் எடுத்தாச்சு, நல்லா கேக்குது. ஸ்பீச் தெரபிஸ்ட், வேணுங்கறதோட படத்தை எடுத்து நீட்டிக் கேக்கற படக் கார்டு ஆரம்பிக்கச் சொல்றாங்க, அப்புறம் டேப்லெட்ல, படத்தைத் தொட்டா அதுவே பேசற ஆப்பாம். மாமியாரோ, "கார்டு நீட்டினாலே கிடைக்கும்னா அவன் எதுக்கு வாயத் திறக்கப் போறான்? அவங்க சித்தப்பன் அஞ்சு வயசுலதான் பேசினான்"ங்கறாங்க. செல்போனே காட்டாதீங்கன்னு இத்தனை நாள் சொல்லிட்டு இப்ப டேப்லெட்டா? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்களேன்.

ஈரோட்டுக்காரி:
கவி, என் பொண்ணுக்கு ஏழு வயசு, ஆட்டிசம். கார்டு, ஆப் ரெண்டுமே எங்க வீட்ல புழங்குதுங்க.

டேப்லெட்டுக்கு அவசரமில்ல. அவன் உசுரா கேக்கற நாலஞ்சு சாமானை உங்க வீட்லயே போட்டோ எடுங்க. நெட்ல எடுத்த தோசைப் படத்தை எம்பொண்ணு சீண்டவே இல்ல. எங்க தட்டுல கிடந்த தோசையைப் பிடிச்சு ஒட்டினதும் எடுத்து நீட்டினா. ஜெராக்ஸ் கடையில லேமினேட் பண்ணி, பின்னாடி வெல்க்ரோ ஒட்டி, பழைய காலண்டர் அட்டையில மாட்டியிருக்கேன்.

திங்கற சாமான் மட்டும் வச்சா அது ஓட்டல் மெனுதான். "வேண்டாம்", "போதும்", "இன்னும்", "திற", "வலிக்குது" கட்டாயம் வேணும். "வேண்டாம்" நீட்டினா நிறுத்திடணும். இன்னும் ரெண்டு வாய்தானேன்னு ஊட்டினீங்கன்னா கார்டு மேல நம்பிக்கையே போயிரும். (எங்க வீட்டுக்காரருக்கு இது புரிய ரொம்ப நாளாச்சு.)

"இது என்ன? எடு பாக்கலாம்"னு பரீட்சை வைக்காதீங்க. நீங்க பேசறப்ப நீங்களே படத்தைத் தொட்டுப் பேசுங்க: "கதவு... திற." அவன் மாசக்கணக்கா சும்மா பாத்துட்டே இருக்கலாம், பரவால்ல.

மாமியாருக்கு ஒரு வேலையக் கொடுத்துருங்க. எங்க அத்தைகிட்ட முறுக்கு டப்பாவ ஒப்படைச்சேன். "திற" வந்தாத்தான் மூடி திறக்கும். ஒருநாள் கார்டோட சேந்து "தெ"ன்னு சத்தமும் வந்துச்சு. இப்ப கார்டு தொலைஞ்சா வீட்டையே புரட்டறது அவங்கதான்.

ஆப்னா, சென்னையில உருவான ஆவாஸ் தமிழ்லயும் பேசும். ஐஐடி பாம்பேல செஞ்ச ஜெல்லோ இலவசம். டேப்லெட்ல அதைத் தவிர வேற எதுவும் திறக்காதபடி பூட்டி வைங்க. யூடியூப் வந்துட்டா கதை முடிஞ்சுது.

மதுரை தெரபிஸ்ட்:
மேல சொன்னதுல ஒண்ணை மட்டும் மாத்திச் சொல்றேன். கார்டு வந்தாத்தான்னு ரொம்ப நேரம் காக்க வைக்காதீங்க. கொஞ்சம் பாருங்க, வரலைன்னா நீங்களே "திற"யைத் தொட்டுக் காட்டி, திறந்து கொடுத்துடுங்க. அழுதுட்டிருக்கற பிள்ளைக்கு எதுவும் ஏறாது.

வாய் திறக்க மாட்டான்ங்கற பயத்துக்கு: மில்லர், லைட், ஷ்லாசர்னு மூணு ஆராய்ச்சியாளர்கள், கார்டு, சைகை மாதிரி வழிகளைப் பத்தின முந்தைய ஆய்வுகளைத் திரட்டி 2006ல ஒரு கட்டுரை போட்டாங்க. அதுல கறாரான முறையில கவனிக்கப்பட்ட 27 பேர்ல ஒருத்தருக்கும் பேச்சு குறையல. பெரும்பாலானவங்களுக்குக் கூடுச்சு, ஆனா பலருக்கும் சின்ன அளவுலதான். பேச்சுப் பயிற்சியும் கூடவே நடக்கணும். கார்டு வந்துடுச்சுன்னு அதை நிறுத்தக் கூடாது.

செலவு கஷ்டம்னா அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் (DEIC, வளர்ச்சி தாமதமான பிள்ளைங்களுக்குப் பயிற்சி தர்ற இடம்) இருக்கான்னு கேளுங்க. சென்னைப் பக்கம் வர முடிஞ்சா முட்டுக்காட்டுல மத்திய அரசோட பல்வகை ஊனமுற்றோர் நிறுவனம் இருக்கு.

நத்தம் கவி:
ரொம்ப நன்றிங்க. பிளே ஸ்கூல் மிஸ், "கார்டெல்லாம் கொண்டு வராதீங்க, மத்த பிள்ளைங்க பிச்சுப் போட்டுரும்"ங்கறாங்க. என்ன பண்றது?

ஈரோட்டுக்காரி:
ரெண்டு செட் போடுங்க. ஸ்கூலுக்கு ஒண்ணு, கெட்டியா லேமினேட் பண்ணி வளையத்துல கோத்து. மத்த பிள்ளைங்க எடுத்து விளையாடினா நல்லதுதான், அதுகளும் அவன்கிட்ட காட்டிப் பேசும். அப்பவும் முரண்டு பிடிச்சா, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல தகவல் தொடர்புன்னு சொல்றதுக்குள்ள இந்த மாற்று வழிகளும் அடங்கும்னு சொல்லிப் பாருங்க. ஸ்கூல் செட்டுல முதல் கார்டு "பாத்ரூம்".