சுண்ணாம்பு கலந்த கரிசல் மண் ஊறினால் உப்புகிறது, உதவி தேவை

கோவில்பட்டி பக்கம் ஒரு கிராமச் சாலை. அடிமண் கரிசல், 4% சுண்ணாம்பு கலந்திருக்கிறோம். 28 நாள் பதப்படுத்திய உருளைகள் அமுக்கச் சோதனையில் நன்றாகவே தாங்குகின்றன. அதே கலவையை சிபிஆர் (சாலை மண்ணின் தாங்குதிறன் சோதனை) அச்சில் 4 நாள் தண்ணீரில் வைத்தால் மேற்பரப்பு உப்பி, விளிம்பில் மயிரிழை வெடிப்பு விடுகிறது. விரலால் அழுத்தினால் குழைகிறது.

பிஎச் 12.4 வருகிறது, ஆகவே சுண்ணாம்பு குறைவில்லை. ஃபினால்ஃப்தலீன் (சுண்ணாம்பின் காரத்தில் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டி) தெளித்தால் எங்கும் இளஞ்சிவப்பு, அதனால் கலவையும் சீர்தான். சுண்ணாம்பைப் புதிதாக வாங்கியும் பார்த்தாச்சு.

மண்கட்டியை உடைத்தால் உள்ளே ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) படிகங்கள் மின்னுகின்றன. என் சந்தேகம் அதன் மேல்தான்: சல்பேட், சுண்ணாம்பு, களிமண்ணின் அலுமினா மூன்றும் ஈரத்தில் சேர்ந்து எட்ரிங்கைட் என்ற, நீரைச் சேர்த்துக்கொண்டு விரியும் படிகமாகி உப்புகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் மேலடுக்கு போட்டாக வேண்டும்.

கலந்த மண்ணை நல்ல ஈரத்தோடு சில நாள் விட்டு, உப்பல் அடங்கிய அப்புறம் இறுக்கினால் ஊறிய பலம் நிற்குமா?