பின்லாந்துச் சின்ன ஊர் லுக்கியோவும் (மேல்நிலைப் பள்ளியும்) உள்ளூர் கம்பெனிகளும்: அனுபவப் பகிர்வு

கணக்குப்பிள்ளை:
என்ஒய் கம்பெனி (இளம் தொழில்முனைவோர் திட்டத்தில் மாணவர்கள் ஒரு பள்ளி ஆண்டு நடத்திப் பழகும் கம்பெனி) நடத்தும் பிள்ளைகள் காசு கேட்கப் போகும் கட்டம் இருக்கே, அதைச் சொல்லியே ஆகணும். வேலை முடிஞ்சது, கடைக்காரருக்கும் திருப்தி. பில் போகும், போன வேகத்தில் திரும்பி வரும்: ஒய்-துன்னுஸ் (வணிகப் பதிவு எண்) எங்கே? எப்படி இருக்கும்? என்ஒய் கம்பெனி பதிவாவது அந்தத் திட்டத்தின் பட்டியலில்தான், அரசின் வணிகப் பதிவேட்டில் இல்லை. கடைக்காரருக்குப் பிள்ளைகளைத் தெரியும். அவருக்குக் கணக்கு எழுதும் வெளி ஆபீஸுக்குத் தெரியாது. ஆர்டர் பிடிக்கும்போதே காகித பில் செல்லுமா, மின்பில் மட்டுமா என்று கேட்டுடுங்க. 'என்ஒய் திட்டம், ஒய்-துன்னுஸ் கிடையாது' என்று பில்லிலேயே ஒரு வரி போடுங்க. பள்ளி ஆண்டோடு கம்பெனியை மூடணும் என்பதால் வசூலை ஏப்ரலுக்குள் முடிக்கிறது நல்லது.

யக்சோ_ஐந்து:
பில் சின்ன விஷயம் சார். கம்பெனியோட உறவு முறியறது காலண்டரில். ஒவ்வொரு யக்சோவும் (பள்ளி ஆண்டின் ஒரு பருவம்) தேர்வு வாரத்தில் முடியும்னு கம்பெனிக்கு யார் சொல்றாங்க? முப்பது பிள்ளைகள் பார்வையிட வருவாங்கன்னு காபியும் புல்லாவும் (இனிப்பு பன்) வைத்துக் காத்திருக்கும் மர அறுவை மில்லில் ஆறு பேர் வந்து இறங்கினால், அடுத்த வருஷம் அந்தக் கதவு திறக்காது. பிப்ரவரிக்கு மேல் அபிகளை (கடைசி வருஷ மாணவர்களை) கணக்கில் சேர்க்காதீங்க, படிப்பு விடுப்பில் இருப்பாங்க. இன்னொண்ணு: பார்வையிடும் நாளை ஓபி2-வோடு (மேற்படிப்பு, வேலை பற்றிய வழிகாட்டல் பாடம்) இணைங்க. அது 2 கிரெடிட், கிரெடிட்டுக்கு 14 மணி 15 நிமிஷம் வகுப்பு. ஒரு முழு நாள் அதில் அடங்கிடும். கணக்கு வாத்தியாரிடம் மணி கடன் கேட்டால் சண்டைதான்.

கணக்குப்பிள்ளை:
காபி ஆறினால் மறுபடி போடலாம். காசு?

வடக்குவாசி:
யாரும் கேட்கலை, ஆனாலும் சொல்றேன். டெட் வாரம் (பள்ளி மூலம் போகும் வேலை அனுபவ வாரம்) முடிஞ்சதும் முதலாளி "சனிக்கிழமையும் வாப்பா" என்பார். டெட் வரைக்கும்தான் பள்ளியின் காப்பீடு. சனிக்கிழமை வந்தால் அது வேலை: ஒப்பந்தம், வரி அட்டை, கம்பெனியின் விபத்துக் காப்பீடு எல்லாம் வேணும். 15 வயசு ஆயிட்டா பிள்ளையே கையெழுத்துப் போடலாம். 17 ஆனால் சம்பளத்தில் ஓய்வூதியப் பிடித்தமும் வரும். 18-க்குள் இருப்பவருக்கு வேலை காலை 6 முதல் இரவு 10-க்குள், நடுவே 12 மணி நேர ஓய்வு. இரவு 10-க்குக் கடை சாத்தின பிள்ளையைக் காலை 8-க்குக் கூப்பிட்டால் சட்டப்படி தப்பு. சூப்பர் மார்க்கெட் ஷிஃப்ட் பட்டியலில் இது சாதாரணமா நடக்கும், தலைமையாசிரியர் கண்ணில் படவே படாது. ஆபத்தான வேலைப் பட்டியலில் உள்ளதை 16 வயசுக்காரர் செய்யணும்னா, கம்பெனி தொழிற்பாதுகாப்பு அலுவலகத்துக்கு முன்னாடியே அறிவிச்சிருக்கணும். அறிவிக்காட்டி பிள்ளை ரம்பக் கூடத்துக்குள்ள போக முடியாது. கேன்டீனில் உட்கார்ந்து வாரத்தை ஓட்டும்.

லாரிப்பெட்டி:
பென்க்கரித் (கடைசி வருஷ மாணவர்கள் லாரியில் ஊர்வலம் போய் மிட்டாய் வீசும் கொண்டாட்டம்) லாரியை விட்டுட்டீங்களே! பிப்ரவரி வியாழக்கிழமை லாரி தர்றது உள்ளூர்ப் போக்குவரத்துக் கம்பெனிதான். படுக்கை விரிப்பில் கேலி வாசகங்களைப் பெயின்ட்டால் எழுதிப் பக்கவாட்டில் கட்டுறாங்க. முதல் நாளே பள்ளிக்கூடத்துக்குள்ள வெச்சு உலர்த்தலைன்னா ஈரப்பனியில் எழுத்து வழிஞ்சு விளம்பரதாரர் பெயரே போயிடும். விளக்கும் நம்பர் பிளேட்டும் மறையக் கூடாது. மிட்டாயைச் சக்கரத்துப் பக்கம் விடாமல் நடைபாதைக்கு வீசணும், சின்னப் பசங்க அதன் பின்னாடியே ஓடுவாங்க. லாரி தந்தவரையே கிண்டல் பண்ணி எழுதுறதா இருந்தா, அவர்கிட்ட முன்கூட்டியே படிச்சுக் காட்டிடுங்க. அடுத்த செட்டுக்கும் அவர் லாரிதான்.