அரைக்கோளத்தின் மேல் சுருள் காடி: பரப்பை வெட்டி எடுப்பதா, சமன்பாடு எழுதுவதா?

கப்பலூர் வரைவாளர்:
திருமண மண்டபம் ஒன்றுக்குத் தொங்கு விளக்குகளின் பித்தளை மூடிகள் செய்யும் வேலை எங்கள் பட்டறைக்கு வந்திருக்கிறது. மூடி 200 மி.மீ. விட்டமுள்ள அரைக்கோளம், விளிம்பிலிருந்து உச்சி நோக்கிப் பத்துச் சுற்றாக 3 மி.மீ. அகலக் காடி (பள்ளம்) ஒன்று ஏற வேண்டும். சாலிட்வொர்க்ஸ் என்னும் முப்பரிமாண வரைவு மென்பொருளில் நடு அச்சைப் பாதையாக வைத்து, ஒரு கிடைக்கோட்டை முறுக்கிக்கொண்டே மேலேற்றி, சுழல் படிக்கட்டைப் போன்ற பரப்பு ஒன்றை உருவாக்கினேன். அது கோளத்தை வெட்டும் இடத்தையே காடியின் வளைகோடாக எடுத்துக்கொண்டேன். சமன்பாடு எதுவும் தேவைப்படவில்லை. உடன் பணிபுரிபவர் இந்த முறையே தவறு என்கிறார். அனுபவமுள்ளவர்கள் கருத்துச் சொல்ல வேண்டுகிறேன்.

திருநகர் ஆசிரியர்:
உங்கள் நண்பர் சொல்வது சரி. நீங்கள் சமமாக வைத்திருப்பது செங்குத்து உயரத்தை மட்டுமே. ஒவ்வொரு சுற்றுக்கும் 10 மி.மீ. ஏறுகிறது. ஆனால் கோளத்தின் மேற்பரப்பு உச்சியை நெருங்க நெருங்கக் கிடையாகச் சாய்ந்துவிடுவதால், அதே 10 மி.மீ. ஏற்றத்துக்குப் பரப்பின் மேல் கடக்க வேண்டிய தொலைவு கூடிக்கொண்டே போகும். முதல் சுற்றில் பரப்பின் மேல் அளந்த இடைவெளி ஏறத்தாழ 10 மி.மீ.; கடைசிச் சுற்றிலோ அது 45 மி.மீ. ஆகிவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. விளிம்பில் செங்கோணத்தில் வெட்டிக்கொள்ளும் இரு பரப்புகளும் உச்சிக்கு அருகே பத்துப் பாகை அளவிலேயே சந்திக்கின்றன. அவ்வளவு சிறிய கோணத்தில் சந்திக்கும்போது மென்பொருள் செய்யும் சிறு பிழையும் வளைகோட்டைக் கணிசமாக நகர்த்திவிடும்.

பரப்பின் மேல் சம இடைவெளி வேண்டுமென்றால் சமன்பாட்டு வளைகோட்டில் t-ஐ 0 முதல் 1 வரை ஓடவிட்டு, x = 100·cos(πt/2)·cos(20πt), y = 100·cos(πt/2)·sin(20πt), z = 100·sin(πt/2) என்று எழுதுங்கள்; கோணங்கள் ரேடியனில் இருக்க வேண்டும். எல்லாச் சுற்றுகளுக்கும் 15.7 மி.மீ. இடைவெளி கிடைக்கும். உச்சிப் புள்ளியில் காடி குறுகித் திணறாமலிருக்க, t-ஐ 1-க்குச் சற்று முன்பே நிறுத்திவிடுவது நல்லது.

புதூர் கடைசல்காரர்:
ஆசிரியர் ஐயாவின் கணக்கில் குறை காண எனக்குத் தகுதியில்லை. ஆனால் மூடியை யாரும் நூல் வைத்து அளக்கப்போவதில்லை, கண்ணால்தான் பார்க்கப்போகிறார்கள். பக்கவாட்டிலிருந்து பார்ப்பவருக்குத் தம்பி வரைந்த காடிதான் சீராகத் தெரியும். ஐயா சொல்லும் சம இடைவெளிக் காடியோ, அதே பார்வையில் மேலே போகப் போக நெருங்கிக் குவிந்தது போலத் தோன்றும். லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) மரை வெட்டும்போதும் பிட்ச், அதாவது அடுத்தடுத்த சுற்றுகளின் இடைவெளி, அச்சின் நீளத்தில் அளக்கப்படுவதுதானே?

திருநகர் ஆசிரியர்:
நீங்கள் காட்டிய லேத்தே என் பக்கம் சாட்சி சொல்கிறது, அண்ணன். கணினி இயக்கும் சி.என்.சி. லேத்தில், மரை வெட்டும் G32 கட்டளையால் சரிவு மரை (கூம்பின் மேல் போல விட்டம் மாறிக்கொண்டே போகும் மரை) வெட்டும்போது, சரிவு 45 பாகையைத் தாண்டினால் பிட்ச் நீள அச்சில் அல்லாமல் குறுக்கு அச்சில் கணக்கிடப்படுகிறது. ஒரே அச்சின் அளவு எல்லாச் சரிவுக்கும் பொருந்தாது என்பதை அந்த இயந்திரத்தை வடிவமைத்தவர்களே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

பசுமலை ரைனோ:
இருவரும் கோளத்தை மட்டுமே பேசுகிறீர்கள். நாளைக்கே அந்த வாடிக்கையாளர் கழுத்தும் வயிறும் உள்ள கலச வடிவில் மூடி கேட்டால், ஆசிரியர் எந்தச் சமன்பாட்டை எழுதுவார்? பக்கவாட்டு வடிவக்கோட்டை வில்நீளத்தால் (கோட்டின் மேலேயே அளந்த தொலைவால்) சம துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியையும் அதற்குரிய கோணத்துக்குச் சுழற்றி, எல்லாவற்றின் வழியாகவும் ஒரு ஸ்ப்ளைன் (புள்ளிகளை இணைக்கும் வழவழப்பான வளைகோடு) இழுத்தால் எந்த வடிவத்திலும் சம இடைவெளி கிடைக்கும். சுற்றுக்கு 36 புள்ளிகள் வைத்தால் போதும். இதை விட்டுவிட்டு, யுவி தளத்தில் (பரப்பின் மேல் இடத்தைக் குறிக்கும் அளபுரு எண்களின் தட்டைத் தளத்தில்) நேர்கோடு வரைந்து பரப்பின் மேல் ஏற்றுவோரும் இருக்கிறார்கள். அரை வட்டத்தைச் சுழற்றிப் பெற்ற கோளத்தில் அது ஏறத்தாழச் சரியாக வரும். கையால் இழுத்த ஸ்ப்ளைனைச் சுழற்றிய பரப்பில் வராது, ஏனென்றால் அங்கே அளபுரு வில்நீளத்தோடு ஒத்துப்போவதில்லை.

திருநகர் ஆசிரியர்:
புள்ளிகளின் வழியே இழுத்த ஸ்ப்ளைன் அவற்றுக்கு இடையே பரப்பை விட்டு விலகும். சமன்பாடு விலகாது.

பசுமலை ரைனோ:
தாளில் விலகாது, ஐயா. கணினிக்குள் உங்கள் சமன்பாடும் நர்ப்ஸ் (வரைவு மென்பொருள்கள் பயன்படுத்தும் ஒருவகை ஸ்ப்ளைன்) வளைகோடாகத்தான் சேமிக்கப்படுகிறது. வட்டத்தை நர்ப்ஸ் துல்லியமாகக் குறிக்க முடியும்; எளிய உருளைச் சுருளைக்கூட அதனால் தோராயமாகவே குறிக்க இயலும். ஆகவே நம் இருவருக்கும் உள்ள வேறுபாடு எத்தனை மைக்ரான் என்பதில் மட்டுமே.

வில்லாபுரம் வாசகர்:
தட்டையான ஸ்கெட்ச்சில் சாய்கோடு வரைந்து ராப் செய்துவிட்டால் (பரப்பின் மேல் சுற்றிப் பதித்துவிட்டால்) வேலை முடிந்ததே?

திருநகர் ஆசிரியர்:
உருளைக்கும் கூம்புக்கும் அது பொருந்தும். அவற்றை நீட்டாமலும் சுருக்காமலும் தட்டையாக விரிக்கலாம். கோளத்தை நீட்டாமலோ சுருக்காமலோ விரிக்க முடியாது என்பதைக் காஸ் 1827-இலேயே நிறுவிவிட்டார். மெர்க்கேட்டர் 1569-இல் வெளியிட்ட உலகப்படத்தில் சாய்ந்த நேர்கோடாகத் தெரியும் பாதை, உருண்டையின் மேல் எல்லாத் தீர்க்கரேகைகளையும் ஒரே கோணத்தில் வெட்டும் சுருள். அதன் சுற்றுகள் துருவத்தை நெருங்கும்போது முடிவில்லாமல் நெருக்கமாகிக்கொண்டே போகும். காடி வெட்ட அது உதவாது.

கப்பலூர் வரைவாளர்:
ஒரு தகவலைச் சேர்க்கிறேன். மூடியின் உச்சியில், தொங்கு கம்பியைத் தாங்க 60 மி.மீ. விட்டமுள்ள வில்லை ஒன்று உட்காரும். காடி அதன் விளிம்போடு நின்றுவிடும்.

புதூர் கடைசல்காரர்:
பாருங்கள், ஐயா பயமுறுத்திய அந்த 45 மி.மீ. இடைவெளியில் சுமார் 30 மி.மீ. வில்லைக்கு அடியில் போய்விட்டது. தம்பி வரைந்தது போலவே வெட்டலாம்.

திருநகர் ஆசிரியர்:
ஒன்பதாவது சுற்று மறையவில்லையே. அங்கே இடைவெளி 19 மி.மீ.; அடியில் உள்ளதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு.

புதூர் கடைசல்காரர்:
விளக்கு தலைக்கு மேலே தொங்குகிறது. கீழே நிற்பவருக்கு ஒன்பதாவது சுற்று கண்ணிலேயே படாது.

கப்பலூர் வரைவாளர்:
அந்த மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடம் மாடியில் இருக்கிறது, அண்ணன். படியேறுகிறவர்கள் விளக்கைச் சாய்வாக மேலிருந்து பார்ப்பார்கள். அவர்கள் கண்ணுக்கு முதலில் படுவதே உச்சிப் பகுதிதான். இரண்டு வளைகோடுகளையும் ஒரே கோப்பில் வைத்து, படிக்கட்டின் உயரத்திலிருந்து தெரியும் தோற்றத்தைப் படமெடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்பியிருக்கிறேன். வில்லைக்குக் கீழே காடியைச் சட்டென நிறுத்துவதா, ஆழத்தைக் குறைத்துக்கொண்டே போய் மறையவிடுவதா என்பதையும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

புதூர் கடைசல்காரர்:
மறையவிடுங்கள், தம்பி. சட்டென நிறுத்தினால் அந்த முனையில் அழுக்குச் சேர்ந்து, பாலிஷ் போடுகிறவர் உங்களைத் திட்டுவார்.