லேபிளிங் இண்டெக்ஸ்: ‘பெருக்க வேகம்’ பொருந்துமா?

> எலியின் பெருங்குடலில் புற்றுநோய் மருந்தைச் சோதிக்கும்போது போடும் லேபிளிங் இண்டெக்ஸ் (குறி ஏறிய செல்களின் பங்கு) கணக்கைச் ‘செல் பெருக்க வேகம்’ எனலாமா? ‘கிரிப்ட்’டுக்கு அகராதி ‘நிலவறை’ என்கிறது.

நிலவறை வேண்டாம் ஐயா, அது கோயில் நகை வைக்கும் இடம். இது சளிப்படலத்தில் சோதனைக் குழாய் போல இறங்கும் நுண்பள்ளம். ‘குடற்குழி’ போதும்.

சிக்கல் ‘வேகம்’தான். எலியைக் கொல்வதற்கு ஒரு மணி நேரம் முன்பு, எடையில் கிலோவுக்கு 50 மி.கி. பி.ஆர்.டி.யூ.வை (புதிதாக உருவாகும் டி.என்.ஏ.வில் சேரும் அடையாளப் பொருள்) வயிற்றறைக்குள் ஊசி வழியே செலுத்துகிறோம். அப்போது டி.என்.ஏ.வை இரட்டித்துக்கொண்டிருக்கும் செல்கள் மட்டுமே அதை ஏற்கும். பிறகு ஃபார்மலின், 4 மைக்ரான் சீவல், ஹைட்ரோகுளோரிக் அமிலம். அமிலம்தான் டி.என்.ஏ. இழைகளைப் பிரிக்கிறது, அதை விட்டால் பி.ஆர்.டி.யூ.வைக் கண்டறியும் எதிர்ப்பொருள் ஒட்ட இடமில்லாமல் சீவல் வெறுமையாகக் கிடக்கும். சரியாக வந்தால் குறி ஏறிய உட்கரு பழுப்பாகத் தெரியும். பழுப்பானவற்றை எண்ணி, குழியின் மொத்தச் செல்களால் வகுத்து, நூறால் பெருக்குகிறோம்.

இதில் வேகம் எங்கே? மருந்து இரட்டிப்பு நிலையை இழுத்தடித்தால் செல் மெதுவாகத்தான் பிரியும், எண்ணோ ஏறும். ‘வேகம்’ என்று எழுதினால், மருந்தே புற்றை வளர்க்கிறது என்று படிப்பார்கள்.

‘குறியேற்றக் குறியீட்டெண்’ என்பேன்.

> குறியேற்றக் குறியீட்டெண்

வேகத்தை விட்டது சரி. ஆனால் ‘குறி’ இரண்டு முறை வந்து நாக்கைச் சுளுக்குகிறது. மேலும், குறியீட்டெண் என்றதும் விலைவாசிதான் நினைவுக்கு வரும். அங்கே அடிப்படை ஆண்டு 100. இங்கே அப்படி எதுவும் இல்லை, வெறும் விழுக்காடு. ‘குறியேற்ற விழுக்காடு’ என்றே சொல்லலாமே.

எந்தக் குறி என்பதையும் கூடவே எழுத வேண்டும். கே.ஐ.-67 என்ற புரதம் ஓய்விலிருக்கும் செல்லைத் தவிர, செல் பிரியும் சுழற்சியில் உள்ள எல்லாவற்றிலும் தெரியும். அதன் எண் இயல்பாகவே பெரிது. பி.சி.என்.ஏ. புரதமோ செல் சுழற்சியை விட்டு வெளியேறிய பிறகும் சிறிது நேரம் தங்கும். மூன்றையும் ஒரே பத்தியில் போட்டு ஒப்பிட்டால் அபத்தம்.

> ‘குறியேற்ற விழுக்காடு’

ஏற்கிறேன். விழுக்காடு என்பதால் பகுதியெண் (எதனால் வகுக்கிறோம் என்ற) கேள்வியும் தானாக எழும், அது நல்லதே. மருந்தால் குழி சுருங்கி மொத்தச் செல்கள் குறைந்தால், பழுப்பு உட்கருக்கள் குறைந்தும் விழுக்காடு அசையாமல் நிற்கலாம். எனவே குழிக்கு எத்தனை என்ற எண்ணிக்கையும் வேண்டும். சாய்வாக வெட்டுப்பட்ட குழிகளைத் தள்ளிவிடுங்கள்: அடிப்பகுதி மட்டும் சிக்கினால் எண் பொய்யாக உயரும். அடிமுதல் வாய்வரை ஒரே சீவலில் தெரிபவையே கணக்கு. எலிகளை ஒரே நேரத்தில் கொல்லவும் வேண்டும். காலைக்கும் இரவுக்கும் பெருக்கம் மாறும்.

இன்னொரு சொல்லும் தேவை. இயல்பான குழியில் பிரியும் செல்கள் கீழ் மூன்றில் இரண்டு பங்கில் அடங்கும். பெருங்குடல் புற்றைத் தூண்டும் அசாக்சிமீத்தேன் கொடுத்த எலியில் வாய்ப்பக்கம் ஏறும். விழுக்காடு மாறாமலே இது நடக்கலாம். அந்தப் பகுதிக்குப் ‘பெருக்க மண்டலம்’, நகர்வுக்கு ‘மண்டல மேலேற்றம்’ என்று வைத்திருக்கிறேன். ‘மேலேற்றம்’ காதுக்கு உறுத்துகிறது. வேறு சொல் கிடைத்தால் எழுதுங்கள்.